வாசகர் கேள்வி – பதில்: அருகிலேயே ஒரு விடுமுறை, ஹோட்டல் அறையா, சர்வீஸ் அபார்ட்மென்ட்டா?

தொலைதூரப் பயணம் மேற்கொள்ளாமல், தாங்கள் வாழும் வட்டாரத்துக்குள்ளேயே சில நாட்கள் தங்கி ஓய்வெடுக்க விரும்புவோர் தங்கள் ஐயங்களை எழுதலாம் என்று அறிவித்திருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தங்கும் இடத்தைப் பற்றியே இருந்தன. இந்தப் பகுதியில் சர்வீஸ் அபார்ட்மென்ட் என்று நான் குறிப்பிடுவது, கூடம், படுக்கையறை, சமையலறை ஆகியவற்றோடு கூடிய ஒரு முழு வீட்டை நாள் கணக்கில் வாடகைக்குத் தந்து, துப்புரவு, விரிப்பு மாற்றுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு ஒரு நிர்வாகம் பொறுப்பேற்கும் இடத்தை. தனியார் ஒருவர் தம் வீட்டைச் செயலி வழியாக வாடகைக்கு விடுவதும் படத்தில் இதைப் போலவே தெரியும். ஆனால் நள்ளிரவில் தண்ணீர் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில்தான் இரண்டும் பிரிகின்றன.

கேள்வி: வயதான மாமனார், மாமியார், பள்ளி செல்லும் மகள், இரண்டு வயது மகன், நாங்கள் இருவர் என ஆறு பேர். வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய ஓர் ஊரில் நான்கு இரவுகள் தங்க நினைக்கிறோம். ஹோட்டலில் இரண்டு அறைகள் எடுப்பதே வசதி என்கிறார் கணவர். எனக்கோ சர்வீஸ் அபார்ட்மென்ட் நல்லது என்று தோன்றுகிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்: நான் உங்கள் பக்கம். தொலைவான ஊருக்குப் போனால் காலையில் கிளம்பி இரவில்தான் அறைக்குத் திரும்புவோம். நல்ல படுக்கையும் சுத்தமான குளியலறையும் இருந்தால் போதும். அருகில் உள்ள ஊரில் தங்கும்போது, பார்த்தே தீர வேண்டிய இடங்கள் என்ற அவசரம் இருக்காது; மதிய வெயிலில் யாரும் வெளியே போக மாட்டார்கள்; பொழுதின் பெரும்பகுதி தங்கும் இடத்திலேயே கழியும். ஆகவே எத்தனை பேர் படுக்கலாம் என்பதைவிட, எத்தனை பேர் விழித்திருக்கும்போதும் சிரமமின்றி இருக்கலாம் என்பதையே முதலில் பார்க்க வேண்டும்.

இரவு எட்டு மணியை எண்ணிப் பாருங்கள். இரண்டு வயதுக் குழந்தை தூங்கிவிட்டது. ஹோட்டல் அறையில் அதன் பிறகு விளக்கைப் போட முடியாது, வாய்விட்டுப் பேச முடியாது. மகள் போர்வைக்குள் கைப்பேசியை வைத்துக்கொண்டு படுத்திருப்பாள். பெரியவர்கள் இருவரும் நடைபாதையின் மறுகோடியில் உள்ள வேறோர் அறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக இருப்பார்கள். உள்கதவால் இணைந்த இரண்டு அறைகளைக் கேட்டாலும், “இருந்தால் தருகிறோம்” என்பதுதான் பல ஹோட்டல்களின் பதிலாக இருக்கும். அதே நேரத்தில் ஒரு சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, மற்ற ஐந்து பேரும் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கலாம். சாத்துவதற்கு ஒரு கதவு இருப்பதுதான் நீங்கள் கொடுக்கும் வாடகையின் முதல் பயன் என்பது என் கருத்து.

சமையலறையில் உள்ள குளிர்சாதனப் பெட்டியும் சிறிய விஷயமன்று. பெரியவர்களில் யாரேனும் இன்சுலின் போடுபவராக இருந்தால், திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் வைக்க வேண்டும். ஹோட்டல் அறைகளில் உள்ள குட்டிப் பெட்டிகளில் பல, பானங்களைக் குளிர்விக்க வைக்கப்பட்டவை. வெப்பநிலையை நம்ப முடியாது. சில ஹோட்டல்களில் அறைச் சாவி அட்டையை எடுத்துக்கொண்டு வெளியேறினால் அந்தப் பெட்டிக்கும் சேர்த்தே மின்சாரம் நின்றுவிடும்.

இனி எச்சரிக்கை. “ஆறு பேர் தங்கலாம்” என்று விளம்பரத்தில் இருந்தால், அந்த ஆறில் இருவர் கூடத்தில் விரிக்கும் சோபா படுக்கையில் படுப்பவர்களாக இருக்கக்கூடும். நடுவில் இரும்புக் கம்பி முதுகில் உறுத்தும் அந்தப் படுக்கையில் பெரியவர்களைப் படுக்க வைக்க முடியாது. நீங்கள் படுத்தாலும், மற்றவர்கள் எழும் வரை கூடம் உங்கள் படுக்கையறையாகவே இருக்கும். எனவே தங்குவோரின் எண்ணிக்கையை விட்டுவிட்டு, கதவுள்ள படுக்கையறைகள் எத்தனை, குளியலறைகள் எத்தனை, எந்த மாடி, லிஃப்ட் உண்டா, வீட்டுக்குள்ளேயே படிக்கட்டு உள்ளதா என்று கேளுங்கள். ஆறு பேருக்கு ஒரே குளியலறை என்றால் உங்கள் கணவர் சொல்லும் இரண்டு ஹோட்டல் அறைகளே மேல். அறைகளை அகலக் கோண லென்ஸில் எடுத்துப் பெரிதாகக் காட்டுவது வழக்கம் என்பதால், படத்தை நம்பாமல் பரப்பளவைச் சதுர அடியில் கேட்டு வாங்குவதும் நல்லது.

கேள்வி: திருமண நாளுக்காக நானும் மனைவியும் ஒரே ஓர் இரவு வெளியே தங்க நினைக்கிறோம். சர்வீஸ் அபார்ட்மென்ட் பார்க்கலாமா?

பதில்: வேண்டாம், நல்ல ஹோட்டலாகப் பாருங்கள். ஓர் இரவுக்குச் சமையலறை எதற்கு? சாவி வாங்குவது, அடுப்பைப் பழகுவது, குப்பையை எங்கே வைப்பது என்று தெரிந்துகொள்வது ஆகியவற்றிலேயே மாலை கழிந்துவிடும். பல சர்வீஸ் அபார்ட்மென்ட்டுகள் ஓர் இரவுக்குத் தருவதும் இல்லை.

கேள்வி: சர்வீஸ் அபார்ட்மென்ட் என்பது அலுவலக வேலையாக மாதக்கணக்கில் வந்து தங்குபவர்களுக்கானது அல்லவா? குடும்பமாக விடுமுறைக்குப் போகிறவர்களை மதித்து நடத்துவார்களா?

பதில்: தொடக்கம் நீங்கள் சொல்வதுதான். அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் உள்ள விச்சிட்டா நகரில், அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டிவந்த ஜாக் டிபோயர் என்பவர் 1975இல் ‘ரெசிடென்ஸ் இன்’ என்ற விடுதியைத் தொடங்கினார். பல நாட்கள் வெளியூரில் தங்க நேர்பவர்களுக்கு அறையோடு சமையலறையும் வேண்டும் என்பதே அதன் அடிப்படை. 1987இல் மேரியட் ஹோட்டல் நிறுவனம் அதை வாங்கியது. ஆசியாவில் சிங்கப்பூரின் அஸ்காட் நிறுவனம் 1984இல் இந்த வகையில் தன் முதல் கட்டடத்தைத் திறந்தது.

அலுவலக விருந்தினர்களை நம்பியே வளர்ந்த தொழில் என்பதில் உங்களுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. அலுவலகங்கள் மிகுந்த பகுதிகளில் உள்ள இத்தகைய வீடுகள், வேலைக்கு வந்தவர்கள் ஊருக்குத் திரும்பும் வார இறுதியில் காலியாகக் கிடப்பதுண்டு. கடற்கரை, மலை போன்ற சுற்றுலா இடங்களின் ஹோட்டல்களில் வாடகை ஏறும் அதே இரண்டு நாட்களில் இங்கே குறையக்கூடும். நெருக்கடி இல்லாத அந்தத் தெருக்களில் மாலை நடை போவதும் குழந்தைகளுக்கு நன்றாக இருக்கும். நிர்வாகத்தை நேரடியாகத் தொலைபேசியில் அழைத்து வார இறுதி வாடகையைத் தனியாகக் கேளுங்கள். செயலியில் தெரியும் தொகை சில வேளைகளில் அவர்களின் கடைசித் தொகையாக இருப்பதில்லை.

கேள்வி: ஹோட்டலைவிட மலிவு என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தால், பணம் கட்டும் பக்கத்தில் துப்புரவுக் கட்டணம், சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்து ஹோட்டலையே தாண்டிவிடுகிறது. உண்மையில் இது மலிவுதானா?

பதில்: எத்தனை இரவுகள், எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. கணக்கு எளிது. ஓர் இரவு வாடகையை 100 பங்கு என்றும், ஒரே முறை வாங்கும் துப்புரவுக் கட்டணத்தை 60 பங்கு என்றும் வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இரவு தங்கினால் உங்களுக்கு ஆகும் செலவு 160. நான்கு இரவுகள் தங்கினால் மொத்தம் 460, அதாவது இரவுக்கு 115. பக்கத்தில் உள்ள ஹோட்டல் அறை 70 பங்கு என்றால், இருவருக்கு எப்போதும் ஹோட்டலே மலிவு. இரண்டு அறைகள் தேவைப்படும் குடும்பத்துக்கு இரவுக்கு 140 ஆகும் என்பதால், இரண்டாம் இரவிலேயே சர்வீஸ் அபார்ட்மென்ட் சிக்கனமாகிவிடும். காலை உணவு வாடகையில் அடங்குமா, வண்டி நிறுத்தக் கட்டணம் உண்டா என்பதை இரண்டு பக்கமும் சேர்த்துப் பாருங்கள்.

முதலில் ஒரு தொகையைக் காட்டிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் இன்னொன்றைக் கேட்பது எனக்கும் ஏற்புடையதன்று; குறைந்த தொகையைக் கண்டு நாட்களை ஒதுக்கி, குழந்தைகளிடமும் சொல்லிவிட்ட பிறகு பின்வாங்குவது எவருக்கும் எளிதாக இருக்காது. அமெரிக்காவில் ஹோட்டல்களும் குறுகிய கால வாடகை வீடுகளும் கட்டாயக் கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த மொத்தத் தொகையைத்தான் முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே 12 முதல் நடைமுறையில் உள்ளது. நீங்கள் வாழும் நாட்டில் விதி எப்படி இருந்தாலும், தேடலை மொத்தத் தொகையின்படி வரிசைப்படுத்தும் வசதி செயலியில் உள்ளதா என்று பார்த்து, இருந்தால் அதைப் போட்ட பிறகே வீடுகளைப் பார்க்கத் தொடங்குங்கள்.

கேள்வி: சமையலறையோடு இடம் எடுத்தால் சிக்கனம் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் அங்கேயும் நான்தான் சமைக்க வேண்டும், நான்தான் பாத்திரம் கழுவ வேண்டும். எனக்கு அது எப்படி விடுமுறையாகும்?

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான், அம்மா. சமையலறையால் மிச்சமாகும் பணத்தைக் கணக்கிடுகிறவர்கள், அந்த மிச்சம் யாருடைய உழைப்பிலிருந்து வருகிறது என்பதைக் கணக்கில் எழுதுவதே இல்லை. வீட்டில் மூன்று வேளை அடுப்படியில் நிற்பவர் விடுமுறையிலும் மூன்று வேளை, அதுவும் கத்தி எங்கே, கரண்டி எங்கே என்று தெரியாத அடுப்படியில் நிற்பதாக இருந்தால், அந்த நான்கு நாட்களும் மற்றவர்களுக்கு மட்டுமே விடுமுறை.

இதைக் கிளம்புவதற்கு முன்பே வீட்டாரிடம் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். போன பிறகு பேசினால் சண்டையில்தான் முடியும். குழந்தைக்குப் பால் காய்ச்சுவது, காலைச் சிற்றுண்டி, தேநீர் ஆகியவற்றோடு சமையலறையை நிறுத்திக்கொள்ளலாம். பகலும் இரவும் வெளியே சாப்பிடலாம் அல்லது வரவழைக்கலாம். காலை வேளையையும் ஒவ்வொரு நாளும் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால், பள்ளி செல்லும் பிள்ளைகள்கூடத் தங்கள் நாளை ஆவலோடு செய்வார்கள். நிர்வாகத்திடம் இரண்டு கேள்விகளை மறக்காமல் கேளுங்கள்: துப்புரவுக்கு ஆள் தினமும் வருவாரா, பாத்திரம் கழுவுவது அவர் வேலையில் சேருமா? சர்வீஸ் என்ற பெயர் இருந்தாலும் பல இடங்களில் துப்புரவு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறைதான் நடக்கும். கழுவாத பாத்திரங்களை விட்டுச் சென்றால் தனிக் கட்டணம் பிடிக்கும் இடங்களும் உண்டு.

வேலையைப் பகிர்ந்துகொள்ள வீட்டார் ஒப்பாவிட்டால், தயங்காமல் ஹோட்டல் என்று சொல்லிவிடுங்கள். செலவு கூடட்டும்.

கேள்வி: முன்பின் தெரியாத ஒரு வீட்டில் பெண் பிள்ளைகளோடு தங்குவது பாதுகாப்பா? கேமரா இருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. தனியார் வீடுகளைச் செயலி வழியாக வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி நிறுவனம் 2024 ஏப்ரல் 30 முதல் வாடகை வீடுகளின் உட்புறத்தில் பாதுகாப்புக் கேமரா வைப்பதை உலகெங்கும் முற்றிலும் தடை செய்தது. அதற்கு முன்புவரை, தெரியும்படி வைத்து முன்கூட்டியே சொல்லிவிட்டால் கூடம் போன்ற பொது இடங்களில் வைத்துக்கொள்ள முடிந்தது. தங்கப்போகும் இடத்தின் நிர்வாகத்திடம், வீட்டுக்குள் எந்தக் கேமராவும் ஒலிப்பதிவுக் கருவியும் இல்லை என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாயில், நடைபாதை, வண்டி நிறுத்தும் இடம் ஆகியவற்றில் கேமரா இருப்பது உங்களுக்கும் பாதுகாப்பு. கதவில் எண் பூட்டு இருந்தால், முந்தைய விருந்தினர் போன பின் எண்ணை மாற்றினார்களா என்று கேளுங்கள். உள்ளிருந்து போடும் தாழ்ப்பாள் தனியாக இருக்க வேண்டும்.

கேமராவைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு, உயிருக்கே ஆபத்தான வேறு இரண்டைப் பற்றி எவரும் எழுதவில்லை என்பதால் நானே சொல்கிறேன். முதலாவது, எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி. காற்றோட்டம் இல்லாத இடத்தில் அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் மயக்கமும் வரும்போது வெளியே வரக்கூட வலுவிருக்காது. கருவி குளியலறைக்குள்ளேயே இருந்து, புகைபோக்கியோ எச்சரிக்கை மணியோ இல்லை என்றால் அந்த வீடு வேண்டாம். இரண்டாவது, பல நாட்கள் பூட்டிக் கிடந்த வீட்டின் தண்ணீர்க் குழாய். 20 முதல் 45 டிகிரி வெப்பத்தில் தேங்கி நிற்கும் நீரில் லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா பெருகும். பூந்தூறலாய்ச் சிதறும் நீர்த்துளிகளை மூச்சில் இழுக்கும்போது அது நுரையீரலுக்குள் போய்க் கடுமையான நிமோனியாவை உண்டாக்கக்கூடும். முதியவர்களுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் அபாயம் அதிகம். போனவுடன் ஷவரின் தலையைத் துணியால் மூடி, அல்லது வாளிக்குள் தாழ்த்தி வைத்து, சில நிமிடங்கள் தண்ணீரை ஓடவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

கேள்வி: இரவு பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். சாவிப் பெட்டியின் எண் வேலை செய்யவில்லை. கொடுத்த தொலைபேசி எண்ணை ஒரு மணி நேரம் யாரும் எடுக்கவில்லை. குழந்தைகளோடு காரிலேயே உட்கார்ந்திருந்தோம். இனி ஹோட்டல்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். தவறா?

பதில்: தவறே இல்லை, ஐயா. ஹோட்டல் வாடகையில் ஒரு பகுதி, எந்த நேரத்திலும் வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒருவர் நிற்பதற்கான கூலி. அந்த மனிதரை விட்டுவிட்டு, கூடமும் சமையலறையும் கிடைக்கின்றன என்று நாம் மகிழ்ந்தால், இழப்பு இப்படி இரவு பத்து மணிக்குத்தான் தெரியவருகிறது. நான் சர்வீஸ் அபார்ட்மென்ட்டைப் பரிந்துரைக்கும்போதெல்லாம், அந்த மனிதர் ஏதோ ஒரு வடிவில் அங்கே இருக்கிறார் என்பதை உறுதி செய்த பிறகே பரிந்துரைக்கிறேன். இல்லாத இடம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு அது பூட்டிய வீடுதான்.

உறுதி செய்வதற்கு எளிய வழி, முன்பதிவுக்கு முன்னால் ஓர் இரவில், ஒன்பது மணிக்கு மேல், அவர்கள் தந்த எண்ணை அழைத்துப் பார்ப்பது. எடுக்கிறார்களா, எடுப்பவர் அந்தக் கட்டடத்திலேயே இருக்கிறாரா, மின்சாரம் போனால் யார் வருவார், எவ்வளவு நேரத்தில் வருவார் என்ற கேள்விகளுக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறாரா என்று கவனியுங்கள். அருகிலேயே விடுமுறை எடுப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு: இரண்டு மணி நேரத் தொலைவுதானே, வேறு வேலையாக அந்தப் பக்கம் போகும்போது வீட்டையே நேரில் பார்த்துவிடலாம். யாரும் தங்கியிராத நாளிலும் காட்ட மறுக்கும் நிர்வாகத்தை நம்பிப் பணம் கட்ட மாட்டேன்.

விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரங்களின் சராசரியைப் பார்க்காமல், ஏதேனும் கெட்டுப்போனதாக எழுதியவர்களின் குறிப்புகளை மட்டும் தேடிப் படியுங்கள். ஏசி ஓடவில்லை என்று எழுதியவர், அதை எத்தனை மணி நேரத்தில் சரிசெய்தார்கள் என்பதையும் எழுதியிருப்பார். போய்ச் சேர்ந்ததும் வீடு முழுவதையும் கைப்பேசியில் காணொளியாக எடுத்துக்கொள்ளுங்கள், திரும்பும்போதும் எடுங்கள். நிர்வாகம் டெபாசிட் தொகையைப் பிடித்துக்கொள்ள முயன்றால், அந்தக் காணொளியால் வாக்குவாதம் குறையும். குறைகளைச் செயலியின் செய்திப் பகுதியிலேயே எழுதுங்கள். ஏர்பிஎன்பியில் குறை தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி உள்ளது.

கேள்வி: குடியிருப்புகளெல்லாம் பயணிகளுக்கு வாடகைக்குப் போய்விடுவதால், உள்ளூர்வாசிகளுக்கு வீடு கிடைப்பதில்லை என்று படித்தேன். நாமும் அதற்குத் துணை போகிறோமா?

பதில்: போகக்கூடும். பல நகரங்கள் இதைக் கடுமையாகவே எடுத்துக்கொண்டுள்ளன. லண்டனில் ஒரு குடியிருப்பை, தனி அனுமதி பெறாமல், ஆண்டுக்கு 90 இரவுகளுக்கு மேல் குறுகிய கால வாடகைக்கு விட முடியாது. நியூயார்க் நகரம் 2023 செப்டம்பரிலிருந்து பதிவு செய்யாத வீடுகளை அனுமதிப்பதில்லை. 30 நாட்களுக்குக் குறைவாகத் தங்குவோருக்கு, வீட்டுக்காரரும் உடன் இருந்து, இருவருக்கு மேற்படாமல்தான் இடம் தரலாம். பார்சிலோனா நகர நிர்வாகம், பயணிகளுக்கான குடியிருப்பு உரிமங்களை 2028க்குப் பிறகு புதுப்பிக்கப்போவதில்லை என்று 2024இல் அறிவித்தது.

குடும்பங்கள் வாழும் மாடியில் ஒரு வீட்டை வெட்டியெடுத்து நாள் வாடகைக்கு விடுவதற்கும், தங்கும் இடமாகவே உரிமம் பெற்றுக் கட்டிய கட்டடத்துக்கும் வேறுபாடு உண்டு. இரண்டாவது வகையையே தேடுங்கள். பதிவு எண் அல்லது உரிம எண் கேட்டால் உடனே தர வேண்டும். குடியிருப்பில் தங்க நேர்ந்தால், இரவில் படிக்கட்டில் பெட்டியை உருட்டாமல் தூக்கிச் செல்லுங்கள்; கீழ் வீட்டில் காலையில் வேலைக்குப் போக வேண்டியவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

கேள்வி: என் தாயார் சக்கர நாற்காலியில் இருக்கிறார். “சக்கர நாற்காலி வசதி உண்டு” என்று போட்டிருந்தால் நம்பலாமா?

பதில்: வாயிலில் சாய்தளம் இருந்தாலே அப்படிப் போட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். குளியலறைக் கதவில்தான் உண்மை தெரியும். நாற்காலி தாராளமாக நுழையக் கதவைத் திறந்தபின் குறைந்தது 80 சென்டிமீட்டர் வழி வேண்டும். முதலில் தாயாரின் நாற்காலியை, கைப்பிடி வளையங்களையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். பிறகு, குளியலறைக் கதவின் திறப்பில் அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து அனுப்பும்படி நிர்வாகத்திடம் கேளுங்கள். வாசற்படியின் உயரம், கழிப்பறைக்குப் பக்கத்தில் நாற்காலியை நிறுத்த இடம், பிடித்துக்கொள்ளக் கம்பி, கட்டிலின் உயரம், லிஃப்டின் உள் அளவு ஆகியவற்றையும் அதே போல் கேட்டு வாங்குங்கள். பெரிய ஹோட்டல்களில் இதற்கென்றே கட்டிய அறைகள் ஒன்றிரண்டாவது இருக்கும். சர்வீஸ் அபார்ட்மென்ட்டில் இடம் விசாலமாக இருந்தாலும் குளியலறை வழக்கமான வீட்டினுடையதாகவே இருப்பதுண்டு. அளவுப் படங்கள் கைக்கு வரும் வரை முன்பணம் எதுவும் கட்ட வேண்டாம்.